மீண்டு வரும் வாணம்: மாதிரி றொக்கற்றுக் கலை

ஆகாயத்தை நோக்கி எதையேனும் எறிந்து பாராத சிறுவன் எந்நாட்டிலும் இலன். கல்லெறிதலிலும் பட்டம் விடுதலிலும் வாணம் விடுதலிலும் தொழிற்படுவது அந்த ஓர் ஆசையே. கோயில் திருவிழா இரவில் வாணம் சீறியெழும்போது கூட்டத்தின் கண்கள் யாவும் மேனோக்குகின்றன. அது பொறி சிந்தி மறைந்ததும் அக்கண்கள் அடுத்த வாணத்தை எதிர்பார்க்கின்றன. மறைந்த வாணத்தின் குச்சி எங்கே விழுந்தது என்று எவரும் தேடிச் செல்வதில்லை. மேலே செல்லும் பொருட்டே வாணம் செய்யப்பட்டது. அது மீண்டு வருவதை எவரும் வேண்டியதில்லை.

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே அறுவடை முடிந்த வயல்களிலும் மேய்ச்சல் நிலங்களிலும், வார இறுதி நாட்களில், மாதிரி றொக்கற்றுக் கழகத்தார் கூடுவது வழக்கம். தாள் மட்டையாலும் பாரமற்ற மரத்தாலும் தாம் செய்த சிறு றொக்கற்றுகளை அவர்கள் வானிற் செலுத்துகின்றனர். அவற்றுட் பெரும்பாலானவற்றில் எரிவது வாணத்தில் எரியும் கருமருந்தே. அவற்றை உயர்த்துவதும் வாணத்தை உயர்த்தும் அதே நியூற்றனின் மூன்றாம் விதியே. ஆயினும், மேலே சென்ற றொக்கற்று வான்குடை விரித்து மெல்ல இறங்குகின்றது. செய்தவன் ஓடிச் சென்று அதனைக் கையிலெடுத்துச் சோதிக்கின்றான்; மீண்டும் செலுத்துகின்றான். மீண்டு வரவேண்டும் என்னும் இவ்வொரு நிபந்தனையே ஒரு விளையாட்டை விஞ்ஞானப் பயிற்சியாக மாற்றிற்று. அம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதையும், அதன் பயன் யாது என்பதையும் இக்கட்டுரை ஆராயும்.

தோற்றம்

1957ஆம் ஆண்டு ஒக்ரோபர் 4ஆந் திகதி சோவியற்று நாடு ஸ்புட்னிக் என்னும் செயற்கைத் துணைக்கோளை வானில் ஏவியது. அச்செய்தி அமெரிக்க இளைஞரின் உள்ளத்தில் மூட்டிய ஆர்வத் தீ பெரிது. றொக்கற்று ஒன்றைத் தாமே செய்து பறக்கவிட வேண்டும் என்னும் வேட்கை பள்ளி மாணவரிடையே பரவிற்று. ஆனால் அதற்குரிய கருவியோ நூலறிவோ வழிகாட்டியோ அவர்களுட் பலருக்குக் கிட்டவில்லை. வீட்டின் நிலவறைகளிலும் மோட்டார் வண்டிக் கொட்டில்களிலும் இரசாயனப் பொருள்களைக் கலந்து இரும்புக் குழாய்களில் இட்டு நிரப்பினர். ஒருபுறம் அடைத்த இரும்புக் குழாய்க்குள் எரிபொருள் எரியும்போது, வாயு வெளியேறும் வழி சிறிது அடைபட்டாலும் அக்குழாய் றொக்கற்றாக இராது, வெடிகுண்டாகிவிடும். இவ்வாறு விரலிழந்தோரும் கண்ணிழந்தோரும் உயிரிழந்தோரும் உளர்.

இந்நிலையில் பெரியோர் இருவகைக் கருத்தினராயினர். இத்தகைய முயற்சிகளை அறவே தடைசெய்ய வேண்டும் என்றனர் ஒருசாரார். பிள்ளைகளின் விஞ்ஞான ஆர்வத்தைத் தடுத்தல் நாட்டுக்குக் கேடு என்றனர் மற்றொரு சாரார். இரு கருத்தும் நேர்மையானவையே. தடை செய்தால், ஆர்வமுள்ள சிறுவன் மறைவிற் செய்வான். மறைவிற் செய்வது மேலும் ஆபத்தாகும். தடை செய்யாவிடின், அடுத்த விபத்துக்குத் தடை செய்யாதவரே பொறுப்பாளிகளாவர். இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவது வழியொன்று உண்டோ என்பதே அன்றிருந்த வினா.

அவ்வினாவுக்கு விடை ஸ்புட்னிக் எழுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே, எவரும் எதிர்பாராத ஓரிடத்திற் கிடைத்திருந்தது. நெப்ராஸ்கா மாநிலத்தில் நோர்போக் என்னும் சிற்றூரில் பாதணிக் கடை வைத்திருந்தவர் ஓர்வில் கார்லைல். வாணவேடிக்கைக் கலையில் அவர் தேர்ந்தவர். அவருடைய சகோதரர் றொபேட் மாதிரி விமானங்களில் ஈடுபாடுடையவர். பறத்தல் பற்றிச் சொற்பொழிவாற்றும்போது றொக்கற்றின் இயக்கத்தைக் கண்கூடாகக் காட்டுதற்கு ஒரு கருவி வேண்டுமென விரும்பினார். அண்ணன் தம்பியரின் இருவேறு பொழுதுபோக்குகளும் 1954ஆம் ஆண்டில் ஒன்று சேர்ந்தன. தாட்குழாயினாலும் பல்சா மரத்தினாலும் ஆன சிறு றொக்கற்று ஒன்று உருவாயிற்று. எரிந்து முடிந்த பொறியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிய பொறியைச் செருகலாம். உச்சியை அடைந்ததும் சிறு வான்குடையொன்று விரிந்து அதனைப் பழுதின்றித் தரைக்குக் கொணரும். இதற்கு அவர் இட்ட பெயர் ‘றொக்-ஏ-சூட்’ என்பது.

1957ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கார்லைல் ஒரு சஞ்சிகையிலே கட்டுரையொன்றைப் படித்தார். அதனை எழுதியவர் ஹரி ஸ்ரைன் என்பவர். நியூ மெக்சிக்கோ மாநிலத்திலுள்ள உவைற் சான்ட்ஸ் ஏவுகணைச் சோதனைக் களத்திற் பணியாற்றியவர். பெரிய றொக்கற்றுகளைச் செலுத்தும்போது மக்களுக்குத் தீங்கு நேராது காக்கும் முறைகளை நன்கறிந்தவர். கார்லைல் தம் றொக்கற்றுகள் சிலவற்றை அவருக்கு அனுப்பிவைத்தார். அவற்றைப் பறக்கவிட்டுப் பார்த்த ஸ்ரைன், தாம் தேடிய விடை இதுவே எனக் கண்டார். அவ்வாண்டிலேயே கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் இத்தகைய றொக்கற்றுகளை விற்கும் நிறுவனமொன்றையும், அவற்றைப் பறக்கவிடுவோர்க்கென ஒரு சங்கத்தையும் தொடங்கினார். அச்சங்கமே பின்னர் தேசிய றொக்கற்றுச் சங்கம் எனப் பெயர்பெற்று இன்றளவும் நிலவுகின்றது.

கார்லைலின் கண்டுபிடிப்புக்கு உயிர்நிலை யாதெனின், ஆபத்தான வேலையைச் சிறுவனின் கையினின்று நீக்கி, அறிவுக்குரிய வேலையை அவனிடமே விட்டமையாகும். எரிபொருளைக் கலந்து அழுத்தும் வேலை தொழிற்சாலைக்குரியது. வடிவமைத்தல், கட்டுதல், கணித்தல், செலுத்துதல், மீட்டல் ஆகியன மாணவனுக்குரியன. ஆயின், ஒரே தரமான பொறிகளை ஆயிரக்கணக்கிற் கையினாற் செய்தல் இயலாது. இக்குறையை நீக்கியவர், டென்வரில் வாணவேடிக்கைத் தொழில் நடத்திய குடும்பத்திற் பிறந்த வேர்ன் எஸ்ரெஸ். அவர் அமைத்து 1959இல் இயங்கத் தொடங்கிய இயந்திரத்துக்கு ‘மேபல்’ என்று பெயர். ஏறக்குறைய ஐந்தரைச் செக்கனுக்கு ஒரு பொறியாக அது செய்து தள்ளிற்று. 1961இல் அவருடைய நிறுவனம் அதே மாநிலத்துப் பென்றோஸ் என்னும் ஊருக்கு இடம்பெயர்ந்தது. மாதிரி றொக்கற்றுக் கலை நாடெங்கும் பரவியமைக்கு அந்த இயந்திரம் ஒரு முதன்மைக் காரணம்.

இதற்கு மாறான உதாரணமொன்றையும் மறைத்தலாகாது. மேற்கு வேர்ஜீனியா மாநிலத்துக் கோல்வூட் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில் ஹோமர் ஹிக்கம் என்னும் மாணவரும் அவர்தம் தோழரும் 1957 முதலாகத் தாமே எரிபொருள் கலந்து உலோக றொக்கற்றுகளைச் செய்தனர். முதல் முயற்சி அவருடைய அன்னையாரின் பூந்தோட்ட வேலியைச் சிதைத்தது. எனினும் 1960ஆம் ஆண்டில் அவர்கள் தேசிய விஞ்ஞானக் கண்காட்சியிற் பரிசு பெற்றனர். ஹிக்கம் பிற்காலத்தில் நாசா நிறுவனத்தில் எஞ்சினியராயினார். 1998இல் தம் வரலாற்றை நூலாகவும் எழுதினார். இதனைக் கொண்டு, அச்சமின்றி முயல்வோரே வெல்வர் என்று முடிவு கட்டுவோரும் உளர். ஆனால், உயிர் பிழைத்து வென்றவரே நூல் எழுதுகின்றனர் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். அன்றியும், ஹிக்கம் குழுவினருக்குச் சுரங்கத் தொழிற்சாலையின் தேர்ந்த கம்மியர் துணை நின்றனர். ஆசிரியை ஒருவர் நூலுதவினார். ஊருக்குப் புறத்தே தனியிடமும், மறைந்து நின்று ஏவுதற்கு ஒரு காப்பறையும் அவர்கள் அமைத்துக்கொண்டனர். விதி இல்லாவிடத்தில் அவர்கள் தாமே விதி வகுத்தனர் என்பதே உண்மை.

அமைப்பும் இயக்கமும்

மாதிரி றொக்கற்றின் உறுப்புகள் சில. நடுவே உடற்குழாய், அது மட்டையாலானது. அதன் நுனியில் மூக்குக் கூம்பு. அடியில் மீனின் செட்டை போன்ற மூன்று அல்லது நான்கு செட்டைகள். உள்ளே மடித்து வைக்கப்பட்ட வான்குடை. வான்குடையையும் கூம்பையும் குழாயையும் இணைத்து நிற்கும் இழுபடும் நாடா. வான்குடைக்குக் கீழே தீப்பற்றாத மென்றாள். அடியில் பொறி. உடலின் புறத்தே ஒட்டப்பட்ட சிறு குழற்றுண்டு ஏவுகோலிற் கோக்கப்படும். செட்டைகள் காற்றைப் பற்றி நெறிப்படுத்தும் வேகம் வரும்வரை றொக்கற்றை நேரே செல்லச் செய்வது அந்த ஏவுகோலேயாம்.

பொறியின் மீது ‘பி 6-4’ என்பது போன்ற குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். இதனைப் படிக்க அறிந்தவன் அக்கலையின் அரிச்சுவடியை அறிந்தவனாவான். எழுத்து, பொறி தரும் மொத்தக் கணத்தாக்கின் வகுப்பைக் காட்டும். ‘ஏ’ வகுப்பின் உச்சவெல்லை 2.5 நியூற்றன் செக்கன். ‘பி’ வகுப்புக்கு 5. ‘சி’ வகுப்புக்கு 10. ‘டி’ வகுப்புக்கு 20. ஒவ்வோர் எழுத்துக்கும் எல்லை இருமடங்காகும். முதல் எண் சராசரி உதைப்பை நியூற்றனிற் கூறும். இரண்டாம் எண், உதைப்பு முடிந்தபின் வான்குடையை வெளித்தள்ளும் மருந்து பற்றும்வரை கழியும் செக்கன்களைக் கூறும்.

இக்கடைசி எண்ணிலேயே கலையின் நுட்பம் அடங்கியுள்ளது. பொறியினுள்ளே மூன்று அடுக்குகள் உள. முதல் அடுக்கு எரிந்து றொக்கற்றை உந்தும். இரண்டாம் அடுக்கு மெதுவாக எரிந்து புகை விடும், உந்துவதில்லை. அதுவரை பெற்ற வேகத்தாலேயே றொக்கற்று மேலேறிக்கொண்டிருக்கும். மூன்றாம் அடுக்கு சட்டென எரிந்து வாயுவை முன்னோக்கித் தள்ள, கூம்பு கழன்று வான்குடை வெளிப்படும். இது றொக்கற்று உச்சியில் ஏறத்தாழ நிலைத்து நிற்கும் கணத்தில் நிகழல் வேண்டும். முந்தினால், விரைந்து செல்லும் காற்றில் வான்குடை கிழியும். பிந்தினால், றொக்கற்று தலைகீழாக விழுந்து தரையிற் குத்தும். எனவே தாமத எண்ணைத் தெரிதல் ஊகத்தாற் செய்யத்தக்கதன்று, கணிப்பாற் செய்யவேண்டியது.

கணிப்பு எத்தகையது என்பதற்கு ஓர் உதாரணம் காண்போம். 50 கிராம் திணிவுடைய றொக்கற்றில் மேற்கூறிய பொறி பொருத்தப்படுகின்றது எனக் கொள்க. அதன் நிறை ஏறக்குறைய 0.5 நியூற்றன். உதைப்பு 6 நியூற்றன். ஆகவே மேனோக்கிய விளையுள் விசை 5.5 நியூற்றன், வேகவளர்ச்சி செக்கனுக்குச் செக்கன் 110 மீற்றர். இது புவியீர்ப்பு வேகவளர்ச்சியின் பதினொரு மடங்காகும். பொறி 0.8 செக்கன் எரியுமாயின் முடிவில் வேகம் செக்கனுக்கு 88 மீற்றர்; அதாவது மணிக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். அப்போது அடைந்த உயரம் 35 மீற்றரே. அதன்பின் உந்துதலின்றியே மேலும் 395 மீற்றர் ஏறி, மொத்தம் 430 மீற்றர் செல்லும் என்பது ஏட்டுக் கணக்கு.

களத்தில் அளந்து பார்த்தாலோ, இத்தகைய றொக்கற்று அவ்வுயரத்திற் பாதியையும் எட்டுவதில்லை. கணக்கில் பிழையா? சமன்பாடுகளில் பிழையில்லை; வளியின் தடை சேர்க்கப்படவில்லை. அத்தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், இருமடங்கு வேகத்துக்கு நான்மடங்கு தடை நேரும். வகுப்பறையிலே ‘வளித்தடையைப் புறக்கணிக்க’ என்று எழுதிப் பழகிய மாணவன், புறக்கணிக்கப்பட்டது எவ்வளவு பெரிது என்பதை இங்கே கண்கூடாகக் காண்கின்றான். செட்டையின் ஓரங்களை உரைதாளால் உருட்டி மழமழப்பாக்குதலும், மரத்தின் நுண்டுளைகளை அடைத்துப் பூச்சிடுதலும் அழகுக்காக மாத்திரம் செய்யப்படுவன அல்ல என்பதும் அப்பொழுதே அவனுக்கு விளங்குகின்றது.

நேரே பறத்தற்கு வேண்டிய நிபந்தனையும் ஒன்று உண்டு. றொக்கற்றின் ஈர்ப்பு மையம் அதன் அமுக்க மையத்துக்கு முன்னே இருத்தல் வேண்டும். ஈர்ப்பு மையம் என்பது றொக்கற்று விரலிற் சமநிலையாக நிற்கும் புள்ளி. அமுக்க மையம் என்பது பக்கக் காற்றின் விசைகள் யாவும் ஒருங்கு தாக்குவதாகக் கொள்ளத்தக்க புள்ளி. முன்னையது பின்னையதற்கு உடற்குழாயின் ஒரு விட்டமளவேனும் முற்பட்டிருந்தால், றொக்கற்று சிறிது சாய்ந்தாலும் செட்டைகளின் மீது மோதும் காற்று அதனை மீண்டும் நேராக்கும். மாறியிருந்தால், அது வானிற் கரணமடிக்கும். அமுக்க மையத்தைக் கணித்தல் முன்னர் எளிதாயிருக்கவில்லை. நாசா எஞ்சினியரான ஜேம்ஸ் பறோமன் என்பவர் 1966ஆம் ஆண்டில் தேசியச் சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில், பள்ளி மாணவரும் கையாளக்கூடிய சூத்திரங்களாக அதனை வகுத்தளித்தார். சூத்திரம் அறியாச் சிறுவனுக்கும் ஒரு சோதனை உண்டு. ஈர்ப்பு மையத்தில் நூல் கட்டி றொக்கற்றைத் தலைக்குமேற் சுழற்றினால், மூக்கு முன்னோக்கிச் செல்லும் றொக்கற்றே பறக்கத்தக்கது.

களத்தில் ஒரு நாள்

கழகத்தார் களத்துக்கு அதிகாலையிலேயே வருவர். வெயில் ஏறுமுன் காற்று அடங்கியிருக்கும் என்பதே காரணம். ஏவுதளங்கள் வரிசையாக நாட்டப்படும். பற்றரியிலிருந்து கம்பிகள் இழுக்கப்படும். தளங்களுக்கும் கூட்டத்துக்கும் இடையே கயிறு கட்டப்படும். காற்று வீசும் திசையைக் காட்ட ஒரு நாடா உயரே பறக்கும்.

ஏவ விரும்புவோர் யாவரும் தம் றொக்கற்றை முதலிற் பாதுகாப்பு அலுவலரிடம் காட்டல் வேண்டும். அவர் செட்டைகளை அசைத்துப் பார்ப்பார். கூம்பு இறுக்கமாகவோ தளர்வாகவோ இல்லாது பொருந்தியுள்ளதா என இழுத்துப் பார்ப்பார். பொறியின் குறியீட்டைப் படிப்பார். றொக்கற்றின் பாரத்தைக் கையில் நிறுத்துப் பார்ப்பார். செட்டை அசையின் அது பறக்காது. செய்தவர் பத்து வயதுச் சிறுமியாயினும் பல்கலைக்கழகப் பேராசிரியராயினும் விதி ஒன்றே. பேராசிரியரின் றொக்கற்று திருப்பி அனுப்பப்படுவதைக் காணும் சிறுமி, இங்கே மதிக்கப்படுவது செய்தொழிலின் செம்மையே என்பதை உணர்கின்றாள்.

சங்கத்தின் பாதுகாப்பு விதிகள் சுருக்கமானவை. உடல் தாள், மரம், பிளாஸ்ரிக் போன்ற மென்பொருள்களால் ஆதல் வேண்டும். தொழிற்சாலையிற் செய்து சான்று பெற்ற பொறியையே பயன்படுத்தல் வேண்டும். அதனைக் குடைதலோ மாற்றுதலோ கூடாது. தீயை மின்னாலேயே மூட்டல் வேண்டும், திரி கொளுத்தலாகாது. ‘டி’ வகுப்பு வரையுள்ள பொறிக்கு 15 அடியும், அதனிற் பெரியதற்கு 30 அடியும் விலகி நிற்றல் வேண்டும். மணிக்கு 20 மைலுக்கு மேற்பட்ட காற்றில் ஏவலாகாது. முகிலுக்குள்ளும், விமானம் செல்லுமிடத்தும் செலுத்தலாகாது. ஏவுகோல் செங்குத்திலிருந்து 30 பாகைக்கு மேற் சாயலாகாது. மின்கம்பியிலோ உயர்ந்த மரத்திலோ சிக்கிய றொக்கற்றை மீட்க முயலலாகாது. இவற்றுட் கடைசி விதியே கைக்கொள்ளுதற்கு மிகக் கடினமானது. பல மாலைப் பொழுதுகள் உழைத்துச் செய்த றொக்கற்று கண்ணெதிரே கம்பியில் தொங்க, அதனை விட்டுச் செல்லுதல் சிறுவர்க்கு எளிதன்று. விட்டுச் செல்லக் கற்றவரே அக்கலையிற் பயின்றவராவர்.

தீமூட்டியின் கம்பிகளை இணைத்தபின் யாவரும் பின்வாங்குவர். ஏவுதல் அலுவலர் பாதுகாப்புத் திறப்பைக் கருவியில் இடுவார். வானமும் களமும் வெறிதாயுள்ளமையை நோக்கி, ஐந்து முதலாக எண்களை இறங்குவரிசையில் உரக்கக் கூறுவார். இவ்வெண்ணிக்கை ஆரவாரத்துக்காக ஏற்பட்டதன்று. எவரேனும் ‘நிறுத்துக’ என்று குரலெழுப்புதற்கு அளிக்கப்படும் ஐந்து செக்கன் அவகாசமே அது. பூச்சியம் என்றதும் சிறுவன் விசையை அழுத்துகின்றான். சீறலோடு வெண்புகை எழுகின்றது. றொக்கற்று கோலை விட்டெழுந்ததைக் கண் காணுமுன் அது மரங்களுக்கு மேலே நிற்கின்றது. பின்னர் ஓசை அடங்கும். மெல்லிய புகைக்கோடு மாத்திரம் மேலேறும். அவ்வமைதியிற் கூட்டம் மூச்சடக்கி நிற்கும். தொலைவில் சிறு வெடியொலி கேட்டு, செந்நிற வான்குடையொன்று மலரும்போதுதான் கைதட்டல் எழும். புறப்பாட்டுக்கன்றி வான்குடைக்கே கைதட்டும் வழக்கம் அக்கலையின் இயல்பை நன்கு காட்டுகின்றது.

எல்லாம் இவ்வாறு செவ்வனே முடிவதில்லை. சிலபோது விசையை அழுத்தியும் எதுவும் நிகழாது. அப்போது திறப்பைக் கழற்றி, ஒரு நிமிடம் காத்திருந்த பின்னரே எவரும் அணுகலாம். அந்த அறுபது செக்கன் சிறுவர்க்கு மிக நீண்டது. ஆயினும், இரும்புக் குழாய் செய்த அக்கால இளைஞர் பலர் ‘ஏன் எரியவில்லை?’ என்று குனிந்து பார்த்த கணத்திலேயே துன்புற்றனர் என்பதை நினைப்பின் அவ்விதியின் அருமை விளங்கும்.

காற்றும் பல பாடங்களைப் புகட்டும். செட்டையுள்ள றொக்கற்று காற்று வரும் திசைக்கே முகந் திருப்பி ஏறும். வான்குடையோ காற்றோடு மிதந்து செல்லும். இவ்விரண்டையும் எடைபோட்டு ஏவுகோலைச் சற்றுச் சாய்ப்பவனுடைய றொக்கற்று காலடியில் வந்து விழும். பெரிய வான்குடை மெல்ல இறக்கும். ஆனால் நெடுந்தூரம் கொண்டு செல்லும். எனவே காற்றுள்ள நாளில் வான்குடையின் நடுவே துளையிடுவர். அல்லது வான்குடைக்குப் பதிலாக நீண்ட தாள் நாடாவை வைப்பர். மெல்ல இறங்குதலும் அருகில் இறங்குதலும் ஒருங்கே முழுமையாகக் கிட்டா. ஒன்றிற் சிறிது விட்டுக்கொடுத்தே மற்றொன்றைப் பெறலாம். எஞ்சினியர் தொழில் முழுவதும் இத்தகைய தெரிவுகளாலானதே.

உயரத்தை அளத்தற்கு ஏவுதளத்திலிருந்து அளந்த தூரத்தில் ஒருவர் கோணமானியுடன் நிற்பர். தூரம் 100 மீற்றராகவும் உச்சியின் ஏற்றக்கோணம் 60 பாகையாகவும் இருப்பின், 60 பாகையின் தாஞ்சன் 1.732 ஆதலால் உயரம் 173 மீற்றர் ஆகும். றொக்கற்று காற்றிற் சாய்ந்து சென்றால் இவ்விடை பிழைபடும். அதனாற் போட்டிகளில் இருவர் இருவேறு இடங்களில் நின்று அளப்பர். திரிகோணகணிதம் எதற்கு என்று வகுப்பில் வினவிய மாணவன், தன் றொக்கற்றின் உயரத்தை அறியும் பொருட்டு தாஞ்சன் அட்டவணையைத் தானே தேடி எடுப்பதைக் காணும் ஆசிரியர் மகிழாதிருக்க முடியாது.

போட்டிகளுள் கோழிமுட்டை ஏற்றிச் செல்லும் போட்டி புகழ் வாய்ந்தது. சமைக்காத முட்டையை உச்சிக்குக் கொண்டு சென்று உடையாது தரைக்கு மீட்டல் வேண்டும். 2003ஆம் ஆண்டு முதல் அமெரிக்கப் பாடசாலை அணிகளுக்கிடையே நாடளாவிய போட்டியாகவும் இது நடைபெற்று வருகின்றது. அங்கே மிக உயரச் சென்ற அணி வெல்வதில்லை. முன்கூட்டி விதித்த உயரத்தையும், விதித்த பறப்பு நேரத்தையும் மிக நெருங்கிய அணியே வெல்லும். முட்டையில் கீறல் விழுந்தால் அப்பறப்புக் கணக்கில் எடுக்கப்படாது. இத்தகைய றொக்கற்றுப் போட்டிகள் பிற நாடுகளிலும் பரவின; 1972இல் யூகோசிலாவியாவின் வெர்சாட்ஸ் நகரில் முதலாவது உலகப் போட்டி நடைபெற்றது.

மாலையானதும் தளங்கள் கழற்றப்படும். யாவரும் வரிசையாக நின்று களம் முழுவதும் நடந்து, சிதறிய தாட்டுண்டுகளையும் எரிந்த பொறிகளையும் கம்பிகளையும் பொறுக்குவர். நிலத்தின் உரிமையாளர் மறுமுறையும் இடந்தர வேண்டுமன்றோ? காணாமற்போன றொக்கற்றுகளைத் தேடுவோர் இருள் கவியும்வரை புல்வெளியில் நடமாடுவர். சில கிடைக்கும், சில கிடைக்கா.

மீளுதலின் பயன்

மீண்டு வந்த றொக்கற்று ஒரு சாட்சியாகும். வான்குடையின் ஓரம் கருகியிருப்பின், தீப்பற்றாத தாள் குறைவாக வைக்கப்பட்டது என்று பொருள். நாடா குழாயின் விளிம்பை அறுத்திருப்பின், உச்சிக்கு முன்போ பின்போ வான்குடை வெளிப்பட்டது என்று பொருள். செட்டை வேரோடு பெயர்ந்திருப்பின் பசை போதாது. குறுக்கே முறிந்திருப்பின் மரத்தின் நாரோட்டம் தவறான திசையில் வைக்கப்பட்டது. இவற்றையெல்லாம் படித்தறிந்து திருத்திச் செய்த அடுத்த றொக்கற்று முந்தியதிலும் சிறந்து விளங்கும். காணாமற்போன றொக்கற்றோ ஊகத்தை மாத்திரமே விட்டுச் செல்லும். வெடித்துச் சிதறிய இரும்புக் குழாயிலிருந்து கற்பதற்கு, அதனைச் செய்தவனும் உயிரோடிருத்தல் வேண்டும்.

1926ஆம் ஆண்டு மார்ச் 16ஆந் திகதி, மசாச்சூசெற்ஸ் மாநிலத்து ஓபேண் என்னும் ஊரில் உறவினரின் பண்ணையொன்றில், றொபேட் கொடாட் திரவ எரிபொருளால் இயங்கும் முதல் றொக்கற்றைச் செலுத்தினார். அது பறந்தது இரண்டரைச் செக்கன்; எழுந்த உயரம் 41 அடி. இன்று பத்து வயதுச் சிறுமி தாட்குழாயிற் செய்த றொக்கற்று அதனிலும் பன்மடங்கு உயரம் செல்கின்றது. ஆயினும் உயரம் மாத்திரம் பெருமையாயின், வாணம் செய்வோர் யாவரும் கொடாட்டினும் பெரியராவர். ஏன் எழுந்தது, ஏன் விழுந்தது, அடுத்த முறை என்ன செய்தல் வேண்டும் என்னும் வினாக்களுக்கு விடை தேடியமையே அவரைப் பெரியராக்கிற்று.

இளைஞரின் வேட்கையைத் தடுப்பதா, கட்டின்றி விடுவதா என்னும் வினா றொக்கற்றோடு நின்றுவிடும் வினாவன்று. ஒவ்வொரு தலைமுறையிலும் புதிய கருவியொன்றோடு அது ஆசிரியரையும் பெற்றோரையும் வந்து எதிர்ப்படும். நோர்போக் நகரத்துப் பாதணி வணிகர் தந்த விடை எளியது. எது ஆபத்தோ அதனைப் பிள்ளையின் கையினின்று எடுத்துவிடுக. எது அறிவோ அதனை முழுவதும் அவன் கையிற் கொடுத்துவிடுக. மேலே சென்றது மீண்டு வருதற்கு வழி செய்துவிடுக. மாலை வெயிலிலே புல்வெளியைக் கடந்து, கருகிய வான்குடையோடு தன் றொக்கற்றைக் கையிலேந்தி வரும் சிறுவன், மறு வாரத்துக்குச் செய்யவேண்டிய திருத்தத்தை எண்ணிக்கொண்டே நடக்கின்றான். வாணத்தின் குச்சியைத் தேடிச் சென்றவன் அவன்.